நாலு துளை இருந்தால் போதுமா? பழைய கார்களுக்குச் சில்லு மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

யாழ்ப்பாணத்திலும் தீவகத்திலும் மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் இன்னும் ஓடுகின்றன. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில், சில துளி பெற்றோலில் இயக்கிவிட்டு மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகள் இவை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது. இருக்கிற காரைத் திருத்தி ஓட்டுவதற்கு அதுவும் ஒரு காரணமானது.

இந்தக் கார்களின் எஞ்சினை நமது கராச்சுகளில் பிரித்துப் பூட்டுவார்கள். சில்லு அப்படியல்ல. ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு போன்ற இடங்களில் கடற்காற்று இரும்பு றிம்மை விளிம்பிலிருந்தே தின்னத் தொடங்கிவிடும். மைனருக்குரிய 5.20-14 ரயரும் எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை. ஆகவே வேறு காரின் சில்லைப் பூட்டலாமா என்ற கேள்வி வருகிறது. சிலவற்றைப் பூட்டலாம். ஆனால் ஸ்ரட்டில் ஏறுகிற சில்லெல்லாம் பொருந்துகிற சில்லு அல்ல. தீவகத்துக்கு வரும் வழியோ இருபுறமும் கடல் கிடக்கும் பண்ணைத் தாம்போதியும் வாணர் தாம்போதியும். அங்கே ஒரு சில்லு கழன்றால் வண்டியை ஒதுக்க இடம் இல்லை.

1.6 மில்லிமீற்றர் செய்யும் வேலை

1948 முதல் 1971 வரை தயாரிக்கப்பட்ட மொறிஸ் மைனரின் சில்லு 14 அங்குலம். நான்கு ஸ்ரட்டுகள். அவற்றின் நடுப்புள்ளிகளைத் தொட்டு ஒரு வட்டம் வரைந்தால் அதன் விட்டம் 4 அங்குலம், அதாவது 101.6 மில்லிமீற்றர். இதைத்தான் பி.சி.டி. என்கிறார்கள்.

இலங்கை வீதிகளில் இப்போது அதிகம் காணப்படும் சுசுகி வகன் ஆர் காரிலும் 14 அங்குலச் சில்லு உண்டு. அதற்கும் நான்கு துளைதான். ஆனால் அதன் பி.சி.டி. 100 மில்லிமீற்றர். வித்தியாசம் 1.6 மில்லிமீற்றர் மட்டுமே. சாதாரண அளவுநாடாவில் இதைப் பிடிப்பது கடினம்.

பூட்டிப் பார்த்தாலும் பிடிபடாது என்பதுதான் ஆபத்து. மைனரின் ஸ்ரட் 3/8 அங்குலம், ஏறத்தாழ 9.5 மில்லிமீற்றர் தடிப்பு. வகன் ஆர் சில்லின் துளை 12 மில்லிமீற்றர் ஸ்ரட்டுக்காகப் போடப்பட்டது. துளை பெரிது என்பதால் சில்லு தடையின்றி ஏறிவிடும். நட்டை இறுக்கும்போது ஒவ்வொரு ஸ்ரட்டும் தன் துளையின் நடுவிலிருந்து 0.8 மில்லிமீற்றர் விலகி நிற்கும். நட்டின் கூம்பு ஒரு பக்கம் மட்டும் அழுத்தும். ஸ்ரட் வளைந்த நிலையிலேயே இழுபடும். ஓட ஓட நட்டு தளரும், அல்லது ஸ்ரட் களைத்து முறியும். பூட்டிய அன்று எந்தக் குறையும் தெரியாது.

எது எதோடு சேரும்

பழைய கார்களில் அடிக்கடி காணப்படும் அளவுகள்:

- 4 துளை, 95.25 மி.மீ.: ட்ரயம்ப் ஹெரால்ட், ஸ்பிற்பயர்.
- 4 துளை, 100 மி.மீ.: வகன் ஆர், 1983இல் வந்த முன்சில்லு இழுவைக் கொறோலா.
- 4 துளை, 101.6 மி.மீ.: மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ30, ஏ35, மினி, எம்.ஜி. மிட்ஜெற்.
- 4 துளை, 108 மி.மீ.: போர்ட் அங்லியா, கோட்டினா.
- 4 துளை, 114.3 மி.மீ.: எம்.ஜி.பி., மாருதி 800, பின்சில்லு இழுவைக் கொறோலா ஏஈ86.
- போக்ஸ்வாகன் பீற்றில்: தொடக்கத்தில் 5 துளை, 205 மி.மீ.; 1968 மாதிரியிலிருந்து பெரும்பாலும் 4 துளை, 130 மி.மீ.

காரின் பெயரை மட்டும் நம்பக்கூடாது என்பதற்குக் கொறோலாவே சான்று. ஒரே தலைமுறைக்குள் இரண்டு அளவு.

பி.சி.டி. ஒன்றாக இருந்தாலும் போதாது. மினியின் 4 துளை மைனரோடு ஒத்துப்போகும். ஆனால் அதன் சில்லு 10 அங்குலம் என்பதால் மைனருக்கு உதவாது. மிட்ஜெற்றின் 13 அங்குலச் சில்லு நல்ல மாற்று. பிரித்தானியாவில் மைனர் வைத்திருப்போர் பலர் அதைப் பூட்டுகிறார்கள்.

உள்ளே தள்ளுமா, வெளியே தள்ளுமா

சில்லின் அகலத்தில் சரி நடுக்கோட்டிலிருந்து, அது ஹப்பில் உட்காரும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே ஓவ்செற். முன்சில்லு இழுவை ஜப்பானிய கார்களில் இது 35 முதல் 45 மில்லிமீற்றர் வரை இருப்பது வழமை. பழைய பிரித்தானிய கார்களில் அதைவிடக் குறைவு. ஆகவே புதிய சில்லைப் பழைய காரில் பூட்டினால் ரயர் உள்ளே போய் ஸ்ரியறிங் கையையோ மட்காட்டின் உட்புறத்தையோ உரசலாம். பூட்டிய பின் ஸ்ரியறிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, பின் இருக்கையில் ஆட்களை ஏற்றியும் பார்க்க வேண்டும்.

வெளியே தள்ளினாலும் பிரச்சினை உண்டு. பெயறிங்கிலும் கிங்பின்னிலும் சுமை கூடும். மைனரின் முன்சில்லைத் தாங்கும் கீழ் ட்ரனியன், கிறீஸ் இல்லாமல் தேய்ந்தால் கழன்று சில்லு மடிந்துவிடும். அந்தக் காரின் பெயர்போன பலவீனம் அது. அகலச் சில்லு அந்த இடத்தை இன்னும் சோதிக்கும்.

ரயரின் உயரம்

மைனரில் றேடியல் போடுவோர் பெரும்பாலும் 145 ஆர் 14 போடுவார்கள். அதன் மொத்த உயரம் ஏறத்தாழ 593 மில்லிமீற்றர். வகன் ஆரின் 155/65 ஆர் 14 ரயர் 557 மட்டுமே. கார் 18 மில்லிமீற்றர் பதியும். வேகமானி 60 காட்டும்போது உண்மை வேகம் 56 அளவில்தான் இருக்கும். அதே 14 அங்குல றிம்மில் 165/70 ஆர் 14 போட்டால் உயரம் 587. மூல அளவுக்கு அருகில் நிற்கும். ஆனால் அது பழைய ஒடுக்கமான றிம்மின் அகலத்துக்குப் பொருந்துமா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

பழைய குறொஸ்பிளை ரயரையும் றேடியலையும் ஒரே அச்சில் கலக்கக்கூடாது. வேறு வழி இல்லாமல் கலந்தால் றேடியல் பின்னுக்கே போக வேண்டும். றிவெற் அடித்த பழைய றிம்களில் காற்றுக் கசியும் என்பதால் ரியூப் போடுவதே நல்லது.

நட்டு மாறக்கூடாது

மைனரின் ஸ்ரட் அங்குலப் புரி: 3/8 யு.என்.எப். ரொயோட்டாவுக்கு எம் 12, 1.5 புரி, நிசானுக்கும் சுசுகிக்கும் எம் 12, 1.25 புரி. ரொயோட்டா நட்டை சுசுகி ஸ்ரட்டில் வலிந்து ஏற்றினால் இரண்டின் புரியும் போய்விடும்.

காற்றுத் துப்பாக்கியால் இறுக்குவதும் கவனத்துக்குரியது. ஜப்பானிய கார் நட்டுக்கு 100 நியூற்றன் மீற்றர் அளவில் இறுக்கம் தேவை. மைனருக்கு 60 போதும். ஒரே இறுக்கத்தைக் கொடுத்தால் மெல்லிய ஸ்ரட் நீண்டுவிடும். கையால், குறுக்குக் குறுக்காக இறுக்கி, 50 கிலோமீற்றர் ஓடியபின் மறுபடி பார்க்க வேண்டும்.

துளையை அகட்டலாமா?

கடைசலில் கொடுத்துத் துளையை நீட்டி எடுப்பது சிலர் சொல்லும் வழி. நீண்ட துளையில் நட்டின் கூம்புக்கு இருக்கை இல்லை. சில்லின் நடுத்தகடும் பலவீனப்படும். இதைச் செய்யவே கூடாது. இடையில் அடப்டர் பூட்டினால் சில்லு வெளியே தள்ளும். மேலே சொன்ன சுமை முழுவதும் வந்து சேரும். மூல றிம்மின் நடுத்தகடு நன்றாக இருந்தால், துருவைச் சுரண்டிப் பூச்சுப் பூசிப் பாவிப்பதே மலிவும் பாதுகாப்பும்.

வாங்கும் முன்

1. காரின் ஸ்ரட்டையும் சில்லின் துளையையும் வேர்ணியரால் அளக்கவும். 4 துளையானால், ஒன்றின் வெளி விளிம்பிலிருந்து எதிரே உள்ளதன் உள் விளிம்பு வரை. 5 துளையானால், அடுத்தடுத்த இரண்டின் நடுத்தூரத்தை 1.701ஆல் பெருக்கவும்.
2. ஹப்பின் நடுப்பகுதி சில்லின் நடுத்துளைக்குள் தடையின்றிப் போகிறதா எனப் பார்க்கவும்.
3. நட்டு இல்லாமல் சில்லை வைத்து, நான்கு ஸ்ரட்டும் துளைகளின் சரி நடுவில் நிற்கின்றனவா எனப் பார்க்கவும். ஒன்று விலகினாலும் அந்தச் சில்லு வேண்டாம்.
4. துளைகளைச் சுற்றி மயிரிழை வெடிப்பு உண்டா எனக் கம்பித் தூரிகையால் துலக்கிப் பார்க்கவும். தீவகத்தில் கிடந்த றிம் என்றால் இதைத் தவறவிடக்கூடாது.
5. மேலதிகச் சில்லும் அதே அளவில் இருக்கட்டும். வழியில் காற்றுப் போனால் பூட்டப்போவது அதைத்தான்.