கீரை இலைப்பிணைப்பு அந்துப்பூச்சி

கீரைப் பாத்தியில் இலைகளை நூலால் பிணைத்துக்கொண்டு உள்ளே இருந்து சுரண்டித் தின்னும் பச்சைப் புழுவின் வளர்ந்த வடிவம் இந்தச் சிறு அந்துப்பூச்சி. டென்மார்க் பூச்சியியலாளர் ஃபாப்ரீசியஸ் 1775இல் இதை முதன்முதலில் விவரித்தார். இன்றைய அறிவியல் பெயர் ஸ்போலாடியா ரெகர்வாலிஸ். பழைய வேளாண் நூல்களில் ஹைமீனியா ரெகர்வாலிஸ் என்றிருக்கும். நெல் குருத்துப்பூச்சியும் கத்தரிக்காய்ப் புழுவும் அடங்கிய கிராம்பிடே குடும்பத்தைச் சேர்ந்தது.

சிறகை விரித்தால் 22 முதல் 24 மி.மீ. கரும்பழுப்புச் சிறகின் குறுக்கே ஓடும் வெள்ளைப் பட்டையை வைத்து எளிதில் அடையாளம் காணலாம். ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா என வெப்பநாடுகள் எங்கும் உண்டு. உருவம் சிறிதானாலும் கடல் தாண்டி வலசை போகும். பிரிட்டனில்கூட எப்போதாவது தென்படுகிறது. ஹவாயில் பீட்ரூட் பயிரின் பகையாகப் பெயர் பெற்றது.

தண்டுக்கீரை, முளைக்கீரை, சிறுகீரை, குப்பைக்கீரை, முள்ளுக்கீரை ஆகியவையே தமிழகத்தில் இதன் முதன்மை உணவு. பண்ணைக்கீரை, பொன்னாங்கண்ணி, பீட்ரூட் ஆகியவற்றையும் உண்ணும். இவற்றுக்கு இணையாகச் சாரணையையும் சொல்ல வேண்டும். தரையோடு படரும் இந்தக் களையை இலை மிஞ்சாமல் தின்று தீர்ப்பதும் உண்டு. கீரை விவசாயிக்கு இழப்பு தரும் அதே புழு, களை மண்டிய நிலத்தில் உழவருக்குத் துணை செய்கிறது. வெறும் பயிர்ப்பகை என்று எழுதி முடித்துவிடுவது இப்பூச்சிக்குச் செய்யும் அநீதி.

களை மண்டிய நிலத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு: செங்கல்பட்டு மாவட்டம் சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டுப் பிரிந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் தடத்தில் ஆலைகளும் வீட்டுமனைகளும் பெருகியுள்ளன. உழவு நின்று தரிசாகக் கிடக்கும் மனைகளில் மழை விழுந்ததும் சாரணையும் குப்பைக்கீரையும் தழைப்பது வழக்கம். அறுவடை முடிந்து பாத்தி வெறுமையாகக் கிடக்கும் நாட்களிலும் இவை அந்துப்பூச்சிக்கு உணவாகின்றன. ஆகவே கீரைத்தோட்டத்தில் புழுவைத் தேடுகிறவர் பக்கத்து மனையையும் பார்ப்பது நல்லது.

தாய்ப்பூச்சி இலையின் அடிப்புறத்தில் நரம்பை ஒட்டி முட்டையிடும். இளம்புழு மேல்தோலை விட்டுவிட்டுப் பச்சையத்தை மட்டும் சுரண்டுவதால் இலை வெளுத்துக் கண்ணாடிபோல் தெரியும். வளர்ந்த புழு நரம்பு மட்டும் மிஞ்சத் தின்னும். பிறகு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். வெப்பமான காலத்தில் முட்டை முதல் பூச்சி வரை ஏறத்தாழ மூன்று, நான்கு வாரம்.

முளைக்கீரை நான்கு வாரத்துக்குள் பிடுங்கப்பட்டு நேரே சமையலுக்குப் போகிறது. தெளித்த மருந்தின் நச்சு கரைவதற்கு அவகாசமே இல்லை. அதனால் கீரையில் வீரியப் பூச்சிக்கொல்லி கூடவே கூடாது. பிணைந்த இலைகளைக் கிள்ளி அழிப்பதும், 5 விழுக்காடு வேப்பங்கொட்டைச் சாறு தெளிப்பதும், விளக்குப்பொறி வைப்பதும் போதிய பயன் தரும். அபாண்டலிஸ் இனச் சிறு குளவிகள் புழுவின் உடலுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்கின்றன. கிழக்கு ஆப்பிரிக்காவில் கீரைப் பயிரைக் காக்க இவற்றைப் பயன்படுத்துவது குறித்து ஆய்வுகள் நடந்துள்ளன. வயலில் மருந்தடித்தால் இக்குளவிகளும் சாகும்.