தசைநாணும் மாயக் கோணமும்

தசைநாண் என்பது தசையை எலும்புடன் இணைக்கும் வலுவான நார்க்கட்டு ஆகும். காந்த அதிர்வுப் படத்தில் (எம்.ஆர்.ஐ.) நலமான தசைநாண் கறுப்பாகத் தெரியும்; கிழிசலோ சிதைவோ இருந்தால் அவ்விடம் வெளுத்துத் தோன்றும். ஆனால் எந்தக் குறையும் இல்லாத நாணும், காந்தப்புலத்துக்கு ஏறத்தாழ 55 பாகை சாய்வாக அமைந்தால் வெளுப்பாகத் தெரியக்கூடும். இது மாயக் கோண விளைவு எனப்படுகிறது. இயற்பியலாளர்கள் அறிந்திருந்த இக்கோணம் தசைநாண் படங்களை விளக்கும் ஆய்வில் இடம்பெற முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

காரணம்

தசைநாணில் கொலாஜன் இழைகள் ஒரே திசையில் அடுக்கப்பட்டுள்ளன. நீர் மூலக்கூறுகள் அவற்றை ஒட்டியுள்ளன. ஒவ்வொரு நீர் மூலக்கூறிலும் உள்ள இரண்டு ஹைட்ரஜன் அணுக்கருக்கள் சிறு காந்தங்களைப் போல ஒன்றையொன்று பாதிக்கின்றன. தடையின்றிச் சுழலும் நீரில் இப்பாதிப்பு சராசரியாகி மறைந்துவிடும். நாணில் நீரின் அசைவு கட்டுப்பட்டிருப்பதால் அது மறைவதில்லை. எனவே சமிக்ஞை பதிவாகும் முன்பே தேய்ந்து, நாண் கறுப்பாகிறது.

இப்பாதிப்பு கோணத்தைப் பொறுத்தது. கோணத்தின் கோசைனை வர்க்கமாக்கி, 3 ஆல் பெருக்கி, 1 ஐக் கழிக்க வேண்டும். விடை 0 பாகையில் 2, 90 பாகையில் −1, 54.7 பாகையில் சுழி. பாதிப்பு சுழியாகும் அக்கோணத்தில் சமிக்ஞை நீடிக்கிறது.

வரலாறு

1958 இல் ரேமண்ட் ஆண்ட்ரூவும் உடன் ஆய்வாளர்களும், 1959 இல் தனியாக லோவும், திடப்பொருள்களை இக்கோணத்தில் சுழற்றி அணுக்கருக் காந்த அதிர்வு அளவீட்டைத் தெளிவாக்கினர். 1962 இல் நெதர்லாந்தின் பெரென்ட்சன், கொலாஜனில் உள்ள நீரின் சமிக்ஞை இழைகளின் திசைக்கேற்ப மாறுவதைக் காட்டினார். அப்போது எம்.ஆர்.ஐ. கருவியே இல்லை.

1985 இல் புல்லர்டன் குழுவினர் தசைநாணையே அளந்தனர். 0 பாகையில் 250 மைக்ரோநொடியாக இருந்த டி2 தளர்வு நேரம், 55 பாகையில் 22 மில்லிநொடியாக உயர்ந்தது. 1991 இல் எரிக்சன் குழுவினர், மருத்துவப் படங்களில் தசைநாணின் வெளுப்பு மாயக் கோணத்தின் வெளிப்பாடாக இருக்கலாம் என 'ரேடியாலஜி' இதழில் விளக்கினர்.

மருத்துவப் பயன்

குழாய் வடிவக் கருவியில் காந்தப்புலம் உடலின் நீளவாக்கில் அமைகிறது. அதனால் சரிவாகச் செல்லும் தோள்பட்டை நாணும், கணுக்காலைச் சுற்றி வளையும் நாண்களும் ஏதோ ஓரிடத்தில் இக்கோணத்தை எட்டுகின்றன. தோளில் கிழிசலும் சிதைவும் அடிக்கடி காணப்படும் பகுதிக்கு அருகிலேயே இவ்வெளுப்பும் தோன்றுவதால், நலமான நாண் நோயுற்றதாகக் கருதப்படும் ஆபத்து உண்டு.

குறுகிய எதிரொலி நேரத்தில் எடுத்த படத்தில் மட்டும் நாண் வெளுத்து, நீண்ட எதிரொலி நேரப் படத்தில் கறுத்தால் மாயக் கோணத்தை ஐயுறலாம். கை அல்லது காலின் நிலையை மாற்றி மீண்டும் படமெடுத்தும் சோதிக்கலாம். இரண்டு வகைப் படங்களிலும் வெளுப்பு நீடித்தாலோ, நாண் தடித்தோ அறுபட்டோ தெரிந்தாலோ அதைக் கோணத்தின் மேல் போட்டுவிடக் கூடாது.