இறங்கிய எண்ணின் பெருமை

பொன்விழா மலர் என்றால் ஏறுமுகமான எண்களைத்தான் கண் தேடும். புலிகள் பாதுகாப்புத் திட்டத்தில் அதற்குக் குறைவில்லை. 1973-இல் 9 ஆக இருந்த காப்பகங்கள் 2023-இல் 53. ஆனால் இந்த ஐம்பது ஆண்டுகளில் ஆகச் சிறந்த எண் எது என்று கேட்டால், 2008 பிப்ரவரியில் வெளிவந்த 1,411-ஐத்தான் சொல்வேன். அது இறங்கிய எண்.

தொடக்கத்தில் கணக்கு காலடித் தடத்தை நம்பியிருந்தது. ஒடிசா வனத்துறை அதிகாரி சரோஜ் ராஜ் சவுத்ரி 1960-களில் வகுத்த முறை அது. பாதைப் புழுதியில் பதிந்த பின்னங்கால் தடத்தின் மேல் கண்ணாடியை வைத்து அதன் விளிம்பை வரைந்துகொள்வார்கள். தேர்ந்த கண்ணுக்கு ஒவ்வொரு புலியின் தடமும் தனித்துத் தெரியும் என்பது நம்பிக்கை. 1972-இல் நாடு முழுவதும் இப்படி எடுத்த கணக்கில் கிடைத்தது 1,827. அடுத்த ஆண்டு ஏப்ரல் 1 அன்று கார்பெட் தேசியப் பூங்காவில் திட்டம் பிறந்தது. கைலாஷ் சங்கலா முதல் இயக்குநர்.

பிறகு எண்கள் ஏறின, 1989-இல் 4,334. ஒரே கால் மணலில் ஒரு மாதிரியும் சேற்றில் வேறு மாதிரியும் பதியும் என்று உல்லாஸ் காரந்த் போன்ற ஆய்வாளர்கள் எச்சரித்துக்கொண்டே இருந்தார்கள். அதைவிடப் பெரிய கோளாறு, கணக்கு எடுப்பவரும் அந்தக் கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் ஒரே துறையாக இருந்தது. தன் காட்டில் புலி குறைந்தது என்று எழுத யாருக்குக் கை வரும்?

ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகம் அதை அம்பலப்படுத்தியது. 2004-இல் ஏட்டில் பதினைந்துக்கும் மேல் புலிகள். 2005-இல் காட்டில் ஒன்றுகூட இல்லை. சுனிதா நாராயண் தலைமையில் பணிக்குழு அமைந்தது. தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் சட்ட அதிகாரத்தோடு உருவாயிற்று. கணக்கெடுப்பின் அறிவியல் பொறுப்பு டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்திடம் வந்தது.

புதிய முறையிலும் வனக்காப்பாளரின் நடைதான் அடிப்படை. எச்சம், நகக்கீறல், மான்கள் என்று கண்டதையெல்லாம் அவர் பதிவார். பின்பு தானியங்கி கேமராக்கள். புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் வேறு என்பதால் பாதையின் இருபுறமும் ஒவ்வொன்றாக, இரண்டிரண்டாகக் கட்டுவார்கள். ஒருமுறை சிக்கிய புலிகளில் எத்தனை மறுபடி சிக்குகின்றன என்பதைக் கொண்டு, சிக்காதவற்றையும் மதிப்பிடுவார்கள்.

அப்படி வந்ததுதான் 1,411. முந்தைய கணக்கு 3,642. சுந்தரவனமும் ஜார்க்கண்டும் புதிய எண்ணில் சேரவில்லை, முறையும் வேறு. ஆகவே ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து அவ்வளவு புலிகள் செத்தன என்று சொல்வது தவறு. ஆனால் அரசு அந்த எண்ணை மூடி மறைக்கவில்லை. அதே மாத இறுதியில் ப. சிதம்பரம் தாக்கல் செய்த பட்ஜெட்டில் சிறப்புப் புலிப் பாதுகாப்புப் படைக்காக 50 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. காப்பகத்துக்குள்ளிருந்து விரும்பி வெளியேறும் குடும்பத்துக்கான தொகை ஒரு லட்சத்திலிருந்து 10 லட்சமாயிற்று. ரந்தம்பூரிலிருந்து சரிஸ்காவுக்கு ஹெலிகாப்டரில் புலி போனதும் அந்த ஆண்டுதான்.

தமிழகத்துக்கு அந்தக் கணக்கு தந்தது 76. வீரப்பன் பெயரால் மட்டுமே வெளியுலகம் அறிந்திருந்த சத்தியமங்கலம் அப்போது சரணாலயம்கூட இல்லை. 2008-இல் சரணாலயமாகி, 2013-இல் புலிகள் காப்பகமாயிற்று. புலிகளை இரட்டிப்பாக்கியதற்காக 2022-இல் சர்வதேச விருதும் பெற்றது. அந்த ஆண்டுக் கணக்கில் மாநிலத்தில் 306 புலிகள்.

நாட்டு மொத்தத்தை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவார். 2018-இல் மொத்தம் 2,967 என்று கொண்டாடிய அதே அறிக்கையில் பக்சா, பலாமு, டம்பா ஆகிய மூன்று காப்பகங்களுக்கு நேரே பூஜ்யம் இருந்தது. என் பார்வையில் அறிக்கையின் பயனுள்ள பக்கம் அதுதான்; பணமும் ஆளும் எங்கே போக வேண்டும் என்று அது சொல்கிறது. பக்சாவில் இரைக்காகப் புள்ளிமான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். 2021 டிசம்பரில் அங்கே கேமராவில் ஒரு புலி பதிந்தது. அப்போது பதிந்தது ஒன்றுதான், அங்கே புலிகள் தங்குமா என்பது மான்கள் பெருகுவதைப் பொறுத்தது.