சங்கம் காத்த மறை

நிருவாகக் குழுவுக்கு வரும் கடிதங்களுள் ஊரறியப் படிக்கத் தக்கவை பல. ஒருவர் கண்ணுக்கு மட்டுமே உரியவை சில. கல்வி உதவி வேண்டி ஒரு தாய் எழுதிய விண்ணப்பம், முறிந்து நிற்கும் மணவாழ்வு பற்றி ஒரு தந்தை எழுதிய மடல், ஆலயக் கணக்கில் ஐயம் எழுப்பி உறுப்பினர் ஒருவர் அனுப்பிய முறையீடு ஆகியவை இரண்டாம் வகையின. இத்தகைய கடிதத்தை யார் பிரிப்பது, எத்தனை பேர் படிப்பது, படித்தவர் எவ்வளவு பேசலாம் என்னும் வினாக்கள் பதிவுபெற்ற சங்கங்களோடு பிறந்தவை அல்ல. சங்கங்களின் பதிவுக்கென இந்தியாவில் சட்டம் வந்தது 1860-இல். முனிவர், ஆர்யிகையர், சிராவகர், சிராவகியர் என்னும் நால்வகைச் சங்கமோ அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே இவ்வினாக்களை எதிர்கொண்டு விடையும் கண்டது.

இல்லறத்தார்க்குரிய விதி சத்தியாணுவிரதத்தில் அடங்கியுள்ளது. உமாஸ்வாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அதிகாரத்தில் இவ்விரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறார். பொய்யுபதேசம், பிறர் மறைவை வெளியிடல், பொய்யாவணம் எழுதல், அடைக்கலப் பொருளைக் கவர்தல், மந்திரபேதம் என்பன அவை. ஐந்தில் இரண்டு மறை வெளியிடல் பற்றியன; ஒன்று எழுத்தைப் பற்றியது. மந்திரபேதத்துக்குச் சர்வார்த்தசித்தியில் பூஜ்யபாதர் தரும் விளக்கம் நுட்பமானது. ஒருவர் வாய்திறந்து சொன்னதை வெளியிடுவது மட்டும் குற்றமன்று. முகக்குறிப்பாலும் புருவ நெரிப்பாலும் பிறர் உள்ளக்கருத்தை உய்த்துணர்ந்து, அழுக்காற்றால் அதனை வெளிப்படுத்துவதும் குற்றமே. 'கடிதத்தை நான் காட்டவில்லை, சாடையாகத்தான் சொன்னேன்' என்பார்க்கு இவ்வுரை இடம் வைக்கவில்லை. சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இப்பட்டியலைச் சற்றே மாற்றிப் பழிதூற்றலையும் கோள்மொழியையும் சேர்த்தார். அந்நூலைத் தழுவித் தமிழில் எழுந்ததே நம் இல்லங்களில் ஓதப்படும் அருங்கலச்செப்பு.

ஆயினும் மறைகாத்தலின் முழு இலக்கணத்தைக் காண விழைவோர் சிவாரியர் பிராகிருதத்தில் இயற்றிய பகவதி ஆராதனைக்குச் செல்ல வேண்டும். சல்லேகனை மேற்கொண்ட முனிவரைச் சூழ்ந்திருந்து காக்கும் ஏற்பாட்டை இந்நூல் விரிவாகப் பேசுகிறது. நாற்பத்தெட்டு நிர்யாபக முனிவர்கள், நால்வர் நால்வராகப் பன்னிரு பணிகளை ஏற்கின்றனர். அறவுரை கூறுவோர் நால்வர். உணவு கொணர்வோர் நால்வர். இரவில் விழித்திருப்போர் நால்வர். தகாதார் உட்புகாவண்ணம் வாயிலில் நிற்போர் நால்வர். நாட்டு நிலவரம் அறிந்து வருவோர் நால்வர். இன்றைய வழக்கில் சொன்னால் இது பணிப்பகுப்புடைய ஒரு குழு.

அத்துணைப் பேர் சூழ இருந்தும், அம்முனிவர் தம் வாழ்நாட் குற்றங்களை எடுத்துரைக்கும் 'ஆலோசனை' குழுவின் முன் நிகழ்வதில்லை. ஆசாரியர் கிழக்கு நோக்கியோ வடக்கு நோக்கியோ ஜினாலயம் நோக்கியோ அமர்ந்து, தனியிடத்தில், தாம் ஒருவராய், ஒருவருடைய ஆலோசனையை மட்டும் கேட்க வேண்டும். உணவு கொணர்பவர்க்கு அதனை அறிய வேண்டிய தேவை இல்லை. வாயில் காப்பவர்க்கும் இல்லை. பணி செய்வதற்கு எவ்வளவு தெரிய வேண்டுமோ அவ்வளவே அவரவர்க்கு உரியது என்பது இவ்வேற்பாட்டின் உட்கிடை.

அங்ஙனம் கேட்கும் ஆசாரியர்க்கு வேண்டிய எட்டுக் குணங்களுள் ஒன்று 'அபரிஸ்ராவி' என்பது. கசியாதவர் என்று பொருள். காய்ந்த இரும்பு பருகிய நீர் மீண்டும் வெளியே வாராதது போல, கேட்ட குற்றம் அவரிடமிருந்து வேறெங்கும் ஒழுகுதல் கூடாது. ஓட்டையில்லாத குடத்தை ஆசிரியர் உவமையாக்கவில்லை என்பது எண்ணத் தக்கது. குடத்து நீரைக் கவிழ்த்தால் கொட்டிவிடும். இரும்பு பருகிய நீரை இரும்பே நினைத்தாலும் திருப்பித் தர இயலாது.

கசியவிட்டால் நேர்வதையும் சிவாரியர் மழுப்பாமல் சொல்கிறார். ஆசாரியர் என்னும் நம்பிக்கையால் ஒருவர் தம் குறையை உரைக்க, அதனை வெளியிட்டவர் முதலில் அந்த முனிவரைக் கைவிட்டவர் ஆகிறார். தம்மையும் தம் கணத்தையும் சங்கத்தையும் கைவிட்டவர் ஆகிறார். மித்தியாத்துவத்தையே ஆராதித்தவரும் ஆகிறார். ஒருவருடைய குறை ஒழுகிய பின், அச்சங்கத்தில் வேறெவரும் வாய்திறந்து குறை சொல்லத் துணியார். குறை சொல்லப்படாத இடத்தில் பிராயச்சித்தத்துக்கும் இடமில்லை.

இதன் மறுபக்கத்தையும் அந்நூலே காட்டுகிறது. ஆலோசனை செய்பவர்க்குரிய பத்துக் குற்றங்களுள், 'யாரோ ஒருவர் இப்படிச் செய்தால் என்ன தண்டனை?' என்று மறைமுகமாக வினவித் தப்புவது ஒன்று. பலர் பேசும் இரைச்சலுக்கிடையே காதில் விழாதபடி சொல்லி முடிப்பது மற்றொன்று. ஆகவே குற்றத்தை ஒளிப்பதற்கு மறைகாத்தல் துணைநிற்பதில்லை. குற்றம் முழுமையாக உரைக்கப்படுவதற்கே அது காப்பாக அமைகிறது. முறையீட்டுக் கடிதத்தை 'இரகசியம்' என்று சொல்லிப் பேழைக்குள் பூட்டி, விடையே தராமல் விடும் குழுக்களுக்கு இந்நூலில் ஆதரவு தேடுவது வீண்.

ஓலையைக் காக்கும் முறை தமிழ் மண்ணுக்கும் பழகியதே. சிலப்பதிகாரத்தில் மாதவி விடுத்த ஓலையைக் கோசிகன் மதுரை வழியில் கோவலனிடம் சேர்க்கிறான். மண்ணிலச்சினையில் பதிந்திருந்த கூந்தலின் நெய்ம்மணமே அனுப்பியவர் யாரென்று அவனுக்கு உணர்த்திவிடுகிறது. படித்து முடித்த கோவலன், அதன் வாசகம் தன் பெற்றோர்க்குத் தான் எழுத வேண்டியதற்கும் பொருந்துவது கண்டு, அதே ஓலையை அவர்களிடம் காட்டுமாறு கோசிகனிடமே கொடுத்துவிடுகிறான். எழுதியவளின் இசைவைக் கேட்க வழியில்லை. கேட்டதாகக் காப்பியமும் கூறவில்லை. அவளுக்குப் பழி வாராத ஒரு பயனுக்கு, உரியவரிடம் மட்டும் சென்றது என்பதே அச்செயலைத் தாங்கி நிற்கிறது.

அரசாணைகளின் வழக்கம் வேறு. சோழர் அவையில் மன்னன் வாய்மொழியை எழுதியவர் 'திருமந்திர ஓலை' எனப்பட்டார். அவருக்கு மேல் 'திருமந்திர ஓலைநாயகம்' இருந்தார். மந்திரம் என்னும் சொல்லே சூழ்ச்சியின் மறைவைக் குறிப்பது. ஆணை சரிபார்க்கப்படும் வரைதான் அம்மறைவு. அதன்பின் அது நாட்டார் கையில் வெளிப்படையாகிவிடும். பல்லவன் சிம்மவர்மன் காலத்தில், பருத்திக்குன்றத்து வச்சிரநந்திக் குரவர்க்கு அமண்சேர்க்கை என்னும் ஊர் பள்ளிச்சந்தமாக அளிக்கப்பட்ட செய்தியை இன்றும் பள்ளன்கோயில் செப்பேட்டில் படிக்க முடிகிறது. கொடை எல்லாரும் அறிய வேண்டியது. ஆதலால் அது செம்பில் ஏறியது.

உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919-க்கும் 921-க்கும் உரியவை, சபையின் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்த முறையைக் கூறுகின்றன. குடத்திலிருந்து, வேறுபாடறியாச் சிறுவன் எடுத்துத் தரும் ஓலையை, மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் ஏந்தி உரக்க வாசிக்க வேண்டும். பின்னர் உள்மண்டபத்து நம்பிமார் அனைவரும் வாசிக்க வேண்டும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் குடவோலைக்குத் தகுதி இழந்தனர். தேர்விலும் கணக்கிலும் மறைவுக்கு அச்சபை சிறிதும் இடம் தரவில்லை.

ஆலோசனை அக்காலத்தில் எழுத்தில் ஏறவில்லை, செவியோடு நின்றது. இன்று ஒவ்வொரு முறையீடும் தாளில் வருகிறது, அல்லது கைபேசியில் வருகிறது. ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் இட்டால் வந்தவாசியில் எழுதியது அன்று மாலையே சென்னையிலும் மும்பையிலும் படிக்கப்படுகிறது. தபால் பதிவேட்டில் நாளும் எண்ணும் பொருட்சுருக்கமும் மட்டும் எழுதிக் கடிதத்தை உறையிலேயே தலைவரிடம் சேர்க்கும் செயலர்களும், கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் விண்ணப்பித்த மாணவரின் பெயரை விடுத்து உதவித்தொகையை மட்டும் பதியும் குழுக்களும் நம்மிடையே உண்டு. அவர்களுள் பலர் பகவதி ஆராதனையைப் படித்திருக்கமாட்டார்கள். தொகை ஏட்டில் இருப்பதால் கணக்கு கேட்பவர்க்குக் கணக்கு கிடைக்கிறது. பெயர் ஏட்டில் இல்லாததால் அந்த மாணவன் அடுத்த தசலக்ஷண விழாவிலும் தன் தோழரோடு தலைநிமிர்ந்து வந்து அமர்கிறான்.