அடிபட்ட வண்டியின் விலை: கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு கணக்கின் வரலாறு

கிள்ளான் பள்ளத்தாக்கில் பழைய வண்டியைப் பார்த்து விலை சொல்லும் திறமை மோட்டார் காலத்துக்கு முன்பே தேவைப்பட்டது. 1880களில் கோலாலம்பூர் மரமும் அத்தாப்பும் விட்டுச் செங்கல் கட்டடங்களுக்கு மாறியபோது, பிரிக்பீல்ட்ஸ் சூளைகளின் செங்கல் மாட்டு வண்டிகளில் நகருக்குள் வந்தது. 1886இல் கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடாவையும் ரயில் பாதை இணைத்த பிறகும், நிலையத்திலிருந்து கடைக்கும் தோட்டத்துக்கும் சரக்கு கொண்டுபோக மாட்டு வண்டியே வேண்டியிருந்தது. அந்த வண்டிக்கு விலை அச்சிலும் சக்கரத்திலும் இருந்தது. பக்கப் பலகை உடைந்திருந்தால் தச்சர் ஒரு நாளில் மாற்றிவிடுவார். அச்சு முறிந்திருந்தால் வண்டியே போயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த லோரிகளும் பேருந்துகளும் இந்தக் கணக்கை மாற்றவில்லை. அடியில் இரண்டு நீண்ட எஃகுத் தண்டுகளும் குறுக்குத் தண்டுகளும் சேர்ந்த சேசிஸ், மேலே அதனுடன் போல்ட் போட்டுப் பொருத்திய உடல் என்பதே அன்றைய அமைப்பு. பேருந்துக்கும் லோரிக்கும் பெரும்பாலும் சேசிஸ் மட்டும் வெளிநாட்டிலிருந்து வந்தது. மரச்சட்டம் வைத்துத் தகடு அடித்த உடலை உள்ளூர்ப் பட்டறைகளே கட்டின. ஆகவே நசுங்கிய தகடும் பிளந்த மரமும் விலையைச் சிறிதே குறைத்தன. சேசிஸ் நேராக இருக்கிறதா என்பதே பெரிய கேள்வி. இதற்கு ஒரு நூலும் தூக்குக்குண்டும் போதும். சேசிஸின் இரு பக்கமும் ஒத்த இடங்களிலிருந்து குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் சுண்ணாம்பால் குறி வைப்பார்கள். எதிரெதிர் மூலைகளுக்கு இடையே நூல் பிடித்தால் இரண்டு அளவும் ஒத்துவர வேண்டும். ஒத்துவராவிட்டால் சேசிஸ் கோணியிருக்கிறது. எந்தப் பூச்சும் அதை மறைக்காது.

ஜப்பானிய ஆட்சிக்குப் பிறகு, 1946இல் பழம்பொருள் வியாபாரிகளுக்கான சட்டம் வந்தது. உரிமம் பெறுவதும், யாரிடம் என்ன வாங்கப்பட்டது என்று பதிவேட்டில் எழுதுவதும் கட்டாயமாயின. திருட்டுப் பொருளைத் தடுப்பதே அதன் நோக்கம். பொருளின் தரம் பற்றி அது எதுவும் கேட்கவில்லை. 1957ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் ஆங்கிலேய மரபை ஒட்டி, சில விதிவிலக்குகள் தவிர, பார்த்து வாங்கும் பொறுப்பை வாங்குபவர் தலையிலேயே வைத்தது.

கணக்கு உண்மையில் மாறியது வண்டியின் அமைப்பு மாறியபோதுதான். 1948இல் வெளிவந்து மலாயாவில் பரவலாக ஓடிய மோரிஸ் மைனர் காருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. தரை, தூண், கூரை எல்லாம் ஒன்றாக வெல்டிங் செய்யப்பட்டு, உடலே எலும்புக்கூடாக நின்றது. 1960களின் பிற்பகுதியில் ஷா ஆலம் பத்து தீகாவில் கார் பொருத்தும் ஆலைகள் இயங்கத் தொடங்கியபோது இந்த அமைப்பே சாதாரணமாகிவிட்டது. முன்பு உடலில் பட்ட அடி தோலில் பட்ட காயம்; இனி அது எலும்பிலும் பட்டிருக்கலாம்.

இதனால் பார்க்கும் முறையும் மாறியது. கதவுக்கும் தூணுக்கும் இடையிலுள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். போனட் போல்ட்டின் தலையில் பூச்சு உரிந்திருந்தால் அது ஒருமுறையாவது கழற்றப்பட்டிருக்கிறது. கதவோர ரப்பரை இழுத்துப் பார்த்தால், ஆலையில் போட்ட ஸ்பாட் வெல்டிங் சின்ன வட்டக் குழிகளாகச் சீரான தூரத்தில் தெரியும். பட்டறையில் ஒட்டியிருந்தால் அந்த வரிசை கலைந்திருக்கும் அல்லது பள்ளம் நிரப்பும் புட்டிக்குள் மறைந்திருக்கும். தகட்டில் காந்தம் ஒட்டாத இடத்தில் கனமான புட்டி இருக்கிறது. பிற்காலத்தில் வந்த பூச்சுக் கனமானி இதையே எண்ணால் சொல்கிறது: ஆலைப் பூச்சு பொதுவாக 80 முதல் 150 மைக்ரான், புட்டி பூசிய இடம் பல நூறு மைக்ரானைத் தாண்டும்.

1967ஆம் ஆண்டின் தவணைமுறைக் கொள்முதல் சட்டம் விலை பேச்சில் மூன்றாவது ஆளைக் கொண்டுவந்தது. காருக்குக் கடன் தரும் நிறுவனத்துக்கு, தவணை தீரும்வரை வண்டிதான் அடகு. வாங்குபவரின் கண்ணை நம்பி அது பணம் கொடுக்காது. காகிதத்தில் ஒரு மதிப்பு வேண்டும். காப்புறுதி நிறுவனங்களுக்கும் அதே தேவை. விபத்துக்குப் பின் பட்டறைக்கு வந்து சேதத்தை அளந்து, எதைத் தட்டி நிமிர்த்தலாம், எதை மாற்ற வேண்டும் என்று எழுதும் இழப்பு மதிப்பீட்டாளர் இப்படித்தான் இத்தொழிலில் இடம்பிடித்தார்.

மதிப்பீட்டாளரின் கணக்குக்கு விதிகள் உண்டு. பழைய வண்டியில் புதிய அசல் உதிரி போட்டால் வண்டி முன்னைவிட மேம்படுகிறது. அந்த மேம்பாட்டின் ஒரு பங்கை உரிமையாளர் ஏற்க வேண்டும். மலேசியாவில் வழங்கிவந்த அளவுகோலின்படி 5 வயது வண்டிக்கு அது 15 விழுக்காடு. ஆண்டுக்கு 5 விழுக்காடாக ஏறி 10 வயதிலிருந்து 40 விழுக்காடு. 8 வயதுக் காருக்கு 2,000 ரிங்கிட்டில் புதுக் கதவு போட்டால் உரிமையாளர் கையிலிருந்து 600 ரிங்கிட் போகும். பழுது பார்க்கும் செலவு வண்டியின் சந்தை மதிப்பை நெருங்கினால், அது பழுது பார்க்கத் தகாத வண்டி என்று ஒதுக்கப்பட்டு, சிதைவாக ஏலத்துக்குப் போகும். அதை எடுப்பவர்களில் உதிரிக்காகப் பிரிப்பவரும் உண்டு. நிமிர்த்தி மீண்டும் சந்தைக்குக் கொண்டுவருபவரும் உண்டு.

நிமிர்த்தி விற்பது லாபமானதற்கு வரியும் ஒரு காரணம். 1983இல் புரோட்டோன் நிறுவப்பட்டு, 1985 ஜூலையில் சாகா கார் வந்தது. உள்நாட்டுக் காரைக் காக்க இறக்குமதிக் கார்களுக்கு உயர்ந்த வரி நீடித்ததால் பழைய ஜப்பானிய, ஜெர்மானியக் கார்களின் விலை எளிதில் சரியவில்லை. அதேசமயம் ஜப்பானில் கடுமையான காலமுறைப் பரிசோதனையால் பழைய கார் வைத்திருப்பதே செலவாயிற்று. அங்கே கழிக்கப்பட்ட கார்கள் குறுக்கே வெட்டப்பட்டு, உதிரிப்பாகம் என்ற கணக்கில் போர்ட் கிள்ளானில் வந்து இறங்கின. இன்ஜின், கியர்பாக்ஸ், டேஷ்போர்டு எல்லாம் அடங்கிய முன்பாதியான ‘ஹாஃப்-கட்’, வெட்டிய கார்களை விற்கும் ‘பொத்தோங்’ கடைகளின் முதன்மைச் சரக்கானது. இன்ஜின் மாற்ற அது பெரிய வசதி. ஆனால் முன்பக்கம் நொறுங்கிய காருக்கு இன்னொரு காரின் முன்பாதியை ஒட்டும் ‘பொத்தோங் சம்போங்’ வேலைக்கும் அது வழிவிட்டது. தனிச் சேசிஸ் இல்லாத காரில் அந்த ஒட்டு முதுகெலும்பின் குறுக்கே ஓடுகிறது. அடுத்த மோதலில் முதலில் விடுவது அந்த இடமாக இருக்கலாம். பழைய உதிரிகளின் இறக்குமதிக்கு 2011 ஜூன் முதல் தடை என்று 2009இல் அரசு அறிவித்தும், வியாபாரிகளின் எதிர்ப்பால் அது நடைமுறைக்கு வரவில்லை.

இத்தகைய ஒட்டு வண்டிகளையும், சேசிஸ் எண் திருத்திய வண்டிகளையும் பிடிக்கும் வாயிலாக அமைந்தது புஸ்பாகோம் என்ற பரிசோதனை நிறுவனம். சாலைப் போக்குவரத்து இலாகாவின் பரிசோதனைப் பணி தனியார்மயமானபோது, 1994இல் அது செயல்படத் தொடங்கியது. வணிக வண்டிகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை, பெயர் மாற்றத்துக்கு பி5, தவணைக் கடனுக்கு பி7 என்று வகைகள் ஏற்பட்டன. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நீடித்த அதன் தனியுரிமை 2024 ஆகஸ்டில் முடிந்து, பிற நிறுவனங்களுக்கும் வழி திறந்தது. பரிசோதனைத் தாளுக்கு ஓர் எல்லை உண்டு. அன்றைய தினம் வண்டி சாலைக்குத் தகுதியானதா, எண்கள் சரியா என்பதை அது சொல்லும். வண்டி என்ன விலை பெறும் என்பதைச் சொல்லாது. அதனால் பழைய கார்க் கடைகளில் காந்தமும் கண்ணும் ஓய்வு பெறவில்லை.

வெள்ளம் இந்த எல்லையை வெளிச்சமாக்கியது. 1971 ஜனவரியில் கோலாலம்பூர் மூழ்கியபோது வண்டிகளில் மின்கருவி குறைவு. கழுவி, உலர்த்தி, எண்ணெய் மாற்றினால் பெரும்பாலும் ஓடும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவிலும் சுற்றுப்புறங்களிலும் மூழ்கிய கார்கள் கணினிப் பெட்டிகளும் மின்கம்பி இணைப்புகளும் நிறைந்தவை. வழக்கமான காப்புறுதியில் வெள்ளம் அடங்காது. தனிக் கட்டணம் செலுத்திச் சேர்த்திருக்க வேண்டும். சேர்க்காதவர்கள் பலர் வண்டியைக் கிடைத்த விலைக்குத் தள்ளினர். இத்தகைய வண்டியில் ஒரு கீறலும் இருக்காது. சீட்பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் அடிச்சுற்றில் சேற்றுக் கோடு தெரியும். இருக்கைத் தண்டவாளத்தின் அடியில் துரு பிடித்திருக்கும்.

இழுவை வண்டிகளின் கணக்கு தனி. 1973இல் போர்ட் கிள்ளானில் கொள்கலன் முனையம் திறந்தபின் பெருகிய டிரெய்லர்களுக்கு இன்ஜின் கிடையாது. விலை முழுவதும் சேசிஸ், அச்சு, தளம் ஆகியவற்றில் நிற்கிறது. அங்கே மாட்டு வண்டிக் காலத்துக் கேள்வியே இன்றும் செல்லும். மலேசியச் சாலைகளில் அரிதான, தங்கும் வசதியுள்ள பயண டிரெய்லருக்கும் அடியில் தனிச் சேசிஸ் உண்டு, ஆனால் அதன் உடலை எளிதாக மாற்ற முடியாது. மெல்லிய அலுமினியத் தகடோ ஃபைபர் கண்ணாடியோ மரச்சட்டத்தின் மேல் ஒட்டப்பட்டிருக்கும். மூலையில் ஒரு சிறு பிளவு போதும். ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில் தண்ணீர் உள்ளே போய் மரத்தை அழுகவைக்கும். வெளித்தகடு உப்பியிருப்பதும், தளம் மிதித்தால் அமுங்குவதும் விலையைப் பாதிக்குக் கீழே இறக்கக்கூடிய குறைகள்.

எந்த வண்டியானாலும் இன்றைய கணக்கு மூன்று படிகளில் நடக்கிறது. முதலில் அடிபடாத அதே வகை வண்டியின் சந்தை விலை எடுக்கப்படுகிறது. அதிலிருந்து பழுதுச் செலவு கழிகிறது. பிறகு விபத்து வரலாற்றுக்கான தள்ளுபடி கழிகிறது. 40,000 ரிங்கிட் பெறும் காருக்கு 6,000 ரிங்கிட் பழுதுச் செலவு என்றால் விலை 34,000இல் நிற்பதில்லை. அடி எலும்புவரை போயிருந்தால் இன்னும் பல ஆயிரம் இறங்கும். சேதத்தை மறைத்து விற்றால் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தொடக்கத்தில் குறைவாக இருந்த, அங்கே கோரக்கூடிய தொகையின் வரம்பு 2019இல் 50,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. 1957இல் பெரும்பாலும் வாங்குபவரே சுமந்த பொறுப்பில் ஒரு பங்கு இப்போது விற்பவர்மேலும் விழுகிறது.