கொயினாவின் வழி

லூபஸுக்கும் நரம்பு வலிக்கும் ஒரு காலத்தில் ஒரே மரப்பட்டையைக் கொடுத்திருக்கிறார்கள். உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸையும், அதனோடு வந்த பாத எரிவையும் ரெய்னர்ஸ் லேனில் பதினொரு வருடமாகச் சுமக்கிறவள் நான். அந்தப் பட்டையின் கதையைத் தேடிப் படித்ததற்கு வேறு காரணம் இல்லை.

பட்டை சின்கோனா மரத்தினுடையது. அதன் சாரமான குவினைனைத்தான் எங்கள் பழைய ஆட்கள் கொயினா என்பார்கள். தென்னமெரிக்க மலைகளின் இந்த மரத்தை 1860களின் தொடக்கத்தில் பிரித்தானியர் நீலகிரியிலும் இலங்கையில் ஹக்கலையிலும் நட்டார்கள். இலைநோயில் கோப்பி அழிந்து, தேயிலை காலூன்றும் முன், மலையகத் துரைமார் சில காலம் சின்கோனாவை நம்பினார்கள். உரித்த கைகள் தமிழ்க் கைகள். மலேரியாக் காய்ச்சலுக்கென்று உரித்த பட்டை அது. ஆனால் காய்ச்சலைப்போலவே முறைவைத்து வரும் முக நரம்பு வலிக்கும் 19ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் அதையே கொடுத்தார்கள். புருவத்துக்கு மேல் நேரம் தவறாமல் வந்துபோகும் வலிக்குப் புருவக் காய்ச்சல் என்றே ஆங்கிலத்தில் பெயர் இருந்தது.

1894இல் லண்டன் சென் தோமஸ் மருத்துவமனையின் ஜே. எஃப். பெய்ன், தோலில் லூபஸ் கண்டவர்களுக்குக் குவினைன் கொடுத்துப் பார்த்தார். குணம் தெரிந்தது. பிறகு அரை நூற்றாண்டு பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1942இல் ஜப்பானியர் ஜாவாவைப் பிடித்ததும் உலகின் குவினைன் வரத்து அறுந்துபோனது. நேசநாட்டுச் சிப்பாய்களுக்கு மெபக்ரின் என்ற செயற்கை மருந்து வந்தது. தோலை மஞ்சளாக்கிய குளிசை. அதையே 1951இல் பிரான்சிஸ் பேஜ் 18 லூபஸ் நோயாளிகளுக்குக் கொடுத்து, பலனை லான்செட் இதழில் எழுதினார். 1950களின் நடுவில் இன்னும் சாதுவான ஹைட்ரொக்சிகுளோரோகுயின் வந்தது. காலையில் நான் விழுங்குவது அதை. ஐந்து வருடம் கடந்ததும் ஆண்டுதோறும் விழித்திரையைச் சோதிக்க வேண்டும். அதுதான் அதன் வாடகை.

அது நெருப்பை அடக்கும். ஏற்கெனவே கருகிய நரம்பு இரவில் போர்வை பட்டாலும் கத்தும். அதற்கு வேறு இரவல் மருந்துகள். அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கென 1961இல் விற்பனைக்கு வந்தது. கபபென்டின் 1993இல் வலிப்புக்கென. இரண்டும் நரம்பின் கூச்சலைத் தணிக்கும் என்பது பின்னர் தெரிந்தது. ஆனால் பெட்டிக்குள் இருக்கும் தாளில் மனச்சோர்வு, வலிப்பு என்று முதலில் அச்சடித்திருப்பார்கள். அதை வாசித்துவிட்டு, "எனக்கென்ன விசரோ?" என்று குளிசையை நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். அப்படி நிறுத்தியவர்கள் அனுபவித்த இரவுகளையும் தெரியும். போதாக்குறைக்கு 2019 ஏப்ரல் 1 முதல் கபபென்டின் இங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. மருந்துச் சீட்டு 28 நாள்தான் செல்லும். ஏதோ கள்ளச் சாமான் வாங்குகிற மாதிரி இருக்கிறது என்பார் என் கணவர்.

இன்னொரு சிக்கல் மொழி. வழக்கமான நரம்புச் சோதனை தடித்த நரம்பிழைகளைத்தான் அளக்கும். எரிவைச் சுமக்கும் மெல்லிய இழைகள் கெட்டிருந்தாலும் முடிவு சரியென்றே வரக்கூடும். அப்போது நோயாளியின் வாய்ச்சொல்தான் பெரிய சாட்சி. 2001இல் லீட்ஸில் மைக்கல் பெனட் உருவாக்கிய கேள்விப்பட்டியல் எரிவா, ஊசிக் குத்தா, மின்சாரம் அடித்ததுபோலா என்றுதான் கேட்கிறது. எங்களிடம் எரிவு, குத்து, உளைவு, விறைப்பு என்று தனித்தனிச் சொற்கள் உண்டு. விறைப்புத்தான் ஆபத்தான சொல். யாழ்ப்பாணத்து அம்மா அதைச் சொன்னால் அநேகமாக மரத்துப்போனது என்று அர்த்தம். இங்கே பிறந்த மகள் அதை இறுக்கம் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டால் மருத்துவர் மூட்டைத்தான் பார்ப்பார், நரம்பைப் பார்க்க மாட்டார். அம்மாவோடு போகிற பிள்ளைகள் வாசலிலேயே கேட்டுக்கொள்ளலாம்: "தொட்டால் தெரியுதோ? மடக்க ஏலுதோ?"