கிட் களஞ்சியத்தில் குப்பை கூட்டியவர்கள்

லினக்ஸ் கெர்னலில் தொடங்கி கல்லூரி மாணவர்களின் புராஜெக்ட் வரை இன்று பெரும்பாலான மென்பொருட்களின் மூல நிரல், கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில்தான் சேமிக்கப்படுகிறது. யார், எப்போது, எந்த வரியை மாற்றினார்கள் என்று பல வருடங்கள் கழித்துக் கேட்டாலும் சொல்லிவிடும். ஆனால் எதையும் மறக்காத ஒரு மென்பொருளுக்கு ஒரு சங்கடம் உண்டு. சேர்ந்துகொண்டே போவதை எங்கே வைப்பது? எப்போது ஒழுங்குபடுத்துவது? அந்த நேரத்தில் வேலை செய்துகொண்டிருப்பவர் காத்திருக்க வேண்டுமா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடியே இருபது வருடங்கள் ஓடிவிட்டன.

கிட்டுக்கு முன்னால் இந்தப் பிரச்சினை வேறு மாதிரி இருந்தது. பெல் ஆய்வகத்தில் மார்க் ராக்கைண்ட் 1972ல் உருவாக்கிய எஸ்.சி.சி.எஸ்., ஒரு கோப்பின் எல்லாப் பதிப்புகளையும் ஒரே கோப்புக்குள் பின்னி வைத்தது. 1980களில் வால்டர் டிஷி எழுதிய ஆர்.சி.எஸ். கடைசிப் பதிப்பை மட்டும் முழுசாக வைத்துக்கொண்டு, பழையவற்றைப் பின்னோக்கிய வித்தியாசங்களாக எழுதியது. இரண்டிலுமே ஒழுங்குபடுத்தும் வேலை, புதிய பதிப்பைச் சேமிக்கும் அந்த நொடியிலேயே முடிந்துவிடும். சாப்பிட்டவுடன் தட்டைக் கழுவி வைக்கிற மாதிரி. பாத்திரம் சேராது, ஆனால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நேரம் போகும்.

2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் இதைத் தலைகீழாக்கினார். அதுவரை லினக்ஸ் கெர்னலுக்குப் பயன்பட்டுவந்த பிட்கீப்பரின் இலவச உரிமம் விலக்கிக்கொள்ளப்பட்டதால் அவசர அவசரமாகப் பிறந்த மென்பொருள்தான் கிட். அதன் முதல் வடிவத்தில் வித்தியாசம் கணக்கிடுகிற வேலையே கிடையாது. ஒரு கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் முழுக் கோப்பும் மறுபடி சுருக்கப்பட்டு, தனி ஒரு பொருளாக எழுதப்படும். அதன் பெயர் 40 எழுத்துள்ள எஸ்.எச்.ஏ.-1 எண். முதல் இரண்டு எழுத்துகள் கோப்புறையின் பெயர், மிச்சம் கோப்பின் பெயர். இப்படி 256 கோப்புறைகள். ஹார்ட் டிஸ்க் விலை மலிவு, மனிதர்களின் நேரம்தான் விலை அதிகம் என்பது லினஸின் வாதம். கமிட் செய்வது கண் இமைக்கும் நேரத்தில் முடிந்தது.

அந்த வாதம் இரண்டு மாதம்தான் தாங்கியது! கெர்னலில் அப்போதே 17 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் இருந்தன. ஒவ்வொரு மாற்றமும் புதுப்புது உதிரிக் கோப்புகளைக் கொட்டியது. சின்னக் கோப்பாக இருந்தாலும் டிஸ்க்கில் ஒரு முழு பிளாக்கைப் பிடித்துக்கொள்ளும். அவற்றை ஒவ்வொன்றாக நெட்வொர்க்கில் அனுப்புவது அதைவிடக் கொடுமை. 2005 ஜூனில் லினஸே 'பேக்' என்ற கட்டு முறையைச் சேர்த்தார். ஆயிரக்கணக்கான உதிரிப் பொருட்களை ஒரே கோப்பாகக் கட்டி, ஒன்றுக்கொன்று ஒத்திருப்பவற்றை வித்தியாசமாக மட்டும் எழுதி, பக்கத்தில் ஒரு அட்டவணைக் கோப்பும் வைப்பது. வித்தியாசம் கண்டுபிடிக்கும் நிரல் நிக்கோலா பிட்ரே என்பவருடையது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. எந்தப் பொருளை எந்தப் பொருளோடு ஒப்பிடுவது என்பதைக் கிட் வரலாற்று வரிசையைப் பார்த்து முடிவு செய்வதில்லை. ஒரே வகைப் பொருட்களை, கோப்பின் பெயரையும் அளவையும் வைத்து வரிசைப்படுத்தி, பக்கத்தில் வரும் பத்துப் பொருட்களோடு மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கும். லட்சக்கணக்கான பொருட்களை எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் யுகம் முடிந்துவிடும், அதனால் இந்த ஊகம். பெரும்பாலும் நன்றாகவே பலிக்கும். பலிக்காமல் போன கதை கடைசியில் வருகிறது.

ஆக, தட்டைக் கழுவாமல் தொட்டியில் போட்டுவிட்டு, பிறகு மொத்தமாகக் கழுவலாம் என்ற கொள்கைக்குக் கிட் வந்து சேர்ந்தது. பிறகு என்றால் எப்போது? ஆரம்பத்தில் அது பயன்படுத்துபவரின் பொறுப்பு. அவ்வப்போது மறுகட்டு செய்யும் கட்டளையை அவரே கொடுக்க வேண்டும். தேவையற்றதை நீக்க இன்னொரு கட்டளை. தெரியாதவர்களின் களஞ்சியம் நாளுக்கு நாள் மந்தமாகிக்கொண்டே போகும், அவர்களும் கிட்டையே திட்டுவார்கள். 2007ல் வந்த 1.5 பதிப்பு இந்தக் கட்டளைகளை ஒன்றாகச் சேர்த்து 'ஜி.சி.', அதாவது குப்பை கூட்டுதல் என்று ஒரே கட்டளையாக்கியது. அதே வருடம், தேவைப்படும்போது தானாகவே இயங்கும் 'ஆட்டோ' வசதியும் எழுதப்பட்டது.

தேவைப்படுகிறது என்று எப்படித் தெரியும்? உதிரிப் பொருட்கள் சுமார் 6700ஐத் தாண்டினால் கூட்ட வேண்டும் என்பது விதி. ஆனால் ஒவ்வொரு தடவையும் 256 கோப்புறைகளையும் எண்ணிக்கொண்டிருந்தால் எண்ணுவதே பெரிய வேலையாகிவிடும். அதனால் கிட் '17' என்ற ஒரே ஒரு கோப்புறையைத் திறந்து பார்க்கிறது. 6700ஐ 256ஆல் வகுத்தால் 26 சொச்சம், மேல்நோக்கி முழுதாக்கினால் 27. அந்தக் கோப்புறையில் 27க்கு மேல் கோப்புகள் இருந்தால் வீடு முழுக்கக் குப்பை என்று அர்த்தம். எஸ்.எச்.ஏ.-1 எண்கள் எல்லாக் கோப்புறைகளுக்கும் சமமாகப் பரவும் என்ற நம்பிக்கையில் நடக்கிற கணக்கு இது. ஒரு சோறு பதம் என்று பாட்டிகள் செய்வதைத்தான் இங்கே சி மொழியில் எழுதியிருக்கிறார்கள்.

தானாக இயங்கியதால் ஒரு பிரச்சினை தீர்ந்து இன்னொன்று முளைத்தது. மற்றவர்களின் மாற்றங்களை இழுத்துக்கொள்ளும் நேரத்தில், அவசரமாக ஒரு பிழையைச் சரிசெய்யப் போகும் நேரத்தில், களஞ்சியத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு செய்தி வரும். சின்னக் களஞ்சியம் என்றால் சில நொடிகள். பெரியது என்றால் டீ குடித்துவிட்டு வரலாம். 2014ல் வந்த 2.0 பதிப்பில் இந்த வேலை பின்னணிக்குத் தள்ளப்பட்டது. திரையில் காத்திருக்க வேண்டியதில்லை, ஆனாலும் டிஸ்க்கும் பிராசசரும் மூச்சு வாங்குவதை மறைக்க முடியவில்லை.

குப்பை கூட்டுவதில் வேகத்தைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. குப்பை என்று நினைத்துப் பொன்னைத் தூக்கிப் போட்டுவிட்டால்? எந்தக் கிளையிலிருந்தும் எட்ட முடியாத பொருள்தான் கிட்டுக்குக் குப்பை. ஆனால் ஒருவர் இப்போதுதான் ஒரு கமிட்டை எழுதிக்கொண்டிருக்கிறார், அதைக் கிளையோடு இன்னும் இணைக்கவில்லை என்றால், அந்த ஒரு கணத்தில் அதுவும் குப்பை மாதிரியே தெரியும். அதனால்தான் எட்ட முடியாத பொருளாக இருந்தாலும் இரண்டு வாரம் வயதாகும்வரை தொடக்கூடாது என்று வழக்கமாக வைத்தார்கள். இது முழுப் பாதுகாப்பு அல்ல, கால அவகாசம் மட்டுமே. பழைய பொருள் ஒன்றை யாராவது திடீரென்று மறுபடி பயன்படுத்த ஆரம்பித்தால் அப்போதும் மோதல் வரலாம்.

இன்னொரு விபத்து, பெயரால் வந்தது. ஜி.சி. கட்டளைக்கு 'அக்ரெசிவ்' என்று ஒரு விருப்பத்தேர்வு உண்டு. பெயரைக் கேட்டால் இன்னும் நன்றாகச் சுருக்கும் என்றுதானே தோன்றும்? 2007 டிசம்பரில் ஜி.சி.சி. கம்பைலரின் பிரம்மாண்டமான வரலாற்றைக் கிட்டுக்கு மாற்றிப் பார்த்தபோது இது பெரிய விவாதமானது. அந்தத் தேர்வு, ஏற்கனவே கண்டுபிடித்து வைத்த நல்ல ஒப்பீடுகளையும் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தேடுகிறது, பெரும்பாலோருக்கு அது வீண் வேலை என்று லினஸ் வெளிப்படையாகவே சொன்னார். அவர் சிபாரிசு செய்தது, ஒப்பீட்டு எல்லையை 250 ஆக விரித்து இரவோடு இரவாக ஒரே ஒரு தடவை நன்றாக மறுகட்டு செய்வது. பகலில் கம்ப்யூட்டரை வேறு வேலைக்கு விட்டுவிடலாம். பெயர் மட்டும் இன்றுவரை மாறவில்லை, ஆசைப்பட்டு அழுத்துகிறவர்களும் இருந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் கெர்னல் அளவுள்ள களஞ்சியங்களுக்கு. 2017ல் மைக்ரோசாஃப்ட் தன் விண்டோஸ் இயங்குதளத்தின் மூல நிரலையே கிட்டுக்குள் கொண்டுவந்தது. 35 லட்சம் கோப்புகள், சுமார் 300 கிகாபைட், அதில் வேலை செய்பவர்கள் ஏறக்குறைய 4000 பேர். அதற்கு முன் அந்த நிரல் சோர்ஸ் டிப்போ என்ற உள்வீட்டு மென்பொருளில் நாற்பதுக்கும் மேற்பட்ட துண்டுகளாகக் கிடந்தது. சாதாரணக் கிட்டில் இதை ஒரு தடவை நகலெடுக்க 12 மணி நேரத்துக்கு மேல். என்ன மாறியிருக்கிறது என்று பார்க்கும் சாதாரண 'ஸ்டேட்டஸ்' கட்டளைக்குப் பத்து நிமிடம்! இதற்காக அவர்கள் ஜி.வி.எஃப்.எஸ். என்ற மாயக் கோப்பு முறைமையை எழுதினார்கள். கோப்புகள் எல்லாம் இருப்பது போலவே தெரியும், திறந்தால்தான் சர்வரிலிருந்து இறங்கும். (ஜினோம் ஆட்கள் அதே பெயரில் ஒன்றை ஏற்கனவே வைத்திருந்ததால் 2018ல் பெயரை மாற்ற வேண்டி வந்தது.)

இங்கேதான் பழைய குப்பை கூட்டும் முறை முழுசாகத் தோற்றது. மறுகட்டு என்றால் எல்லாக் கட்டுகளையும் பிரித்து ஒரே கட்டாக மறுபடி கட்டுவது. புதிய கட்டு முடியும்வரை பழையதையும் வைத்திருக்க வேண்டும், ஆக டிஸ்க்கில் இரண்டு மடங்கு இடம். போகிக்கு வீட்டைக் காலி செய்வது வருடத்துக்கு ஒரு நாள் நடக்கும், தினமும் நடக்குமா? மறுகட்டு செய்யாமல் விட்டாலோ, சர்வரிலிருந்து அவ்வப்போது இறங்கும் சின்னச் சின்னக் கட்டுகள் நூற்றுக்கணக்கில் சேரும். ஒரு பொருளைத் தேட ஒவ்வொரு கட்டின் அட்டவணையையும் வரிசையாகப் புரட்ட வேண்டும்.

இதற்கு வழி கண்டவர்களில் முக்கியமானவர் டெரிக் ஸ்டோலி. கணித ஆராய்ச்சியிலிருந்து மென்பொருளுக்கு வந்தவர். கட்டுகளைத் தொடாமல், எல்லாக் கட்டுகளுக்கும் சேர்த்து ஒரே பொது அட்டவணை போடலாம் என்பது அவர் செய்த ஏற்பாடு. நூலகத்தில் புத்தகங்களை இடம் மாற்றாமல் கேட்லாக்கை மட்டும் ஒழுங்குசெய்வது போல. 2018 டிசம்பரில் வந்த 2.20 பதிப்பில் அது கிட்டுக்குள் சேர்ந்தது. கமிட்களின் உறவுமுறையைத் தனியாக எழுதிவைக்கும் 'கமிட் கிராஃப்' கோப்பு அதே வருடம் ஜூனில் வந்த 2.18லேயே சேர்ந்திருந்தது.

அடுத்த கேள்வி, இந்தப் பராமரிப்பை யார் இயக்குவது? 2020ல் ஸ்கேலார் என்ற மென்பொருளை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. மாயக் கோப்பு முறைமையைக் கைவிட்டு, வேண்டிய கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு, பராமரிப்பைப் பின்னணியில் நடத்தும் ஏற்பாடு. அதிலிருந்த பாடங்களைக் கிட்டுக்கே கொண்டுவர ஸ்டோலி முயன்றபோது, முதலில் தானே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு தனி இயக்கியை முன்மொழிந்தார். நேரம் பார்த்து வேலையைத் தொடங்குவதற்கு ஒவ்வொரு இயங்குதளத்திலும் ஏற்கனவே ஆள் இருக்கிறதே, கிட் எதற்கு இன்னொன்றைச் சுமக்க வேண்டும் என்று மற்றவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 2020 அக்டோபரில் 2.29 பதிப்பில் 'மெயின்டனன்ஸ்' என்ற கட்டளை வந்தது. அந்த டிசம்பரில் யூனிக்ஸின் பழைய கிரான் மூலமாகவும், அடுத்த மார்ச்சில் மேக், விண்டோஸ் இரண்டின் சொந்த அட்டவணை வசதிகள் மூலமாகவும் தானாக இயங்கத் தொடங்கியது.

புதிய முறையின் அழகு அதன் பொறுமையில் இருக்கிறது. மணிக்கு ஒரு தடவை சர்வரிலிருந்து புதியவற்றை முன்கூட்டியே இழுத்து ஒரு ஓரத்தில் வைக்கும், வேலை செய்பவரின் கிளைப் பெயர்களைத் தொடாது. தினம் ஒரு தடவை உதிரிகளைக் கட்டும், அதுவும் ஒரு தடவைக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் போகாது. சின்னக் கட்டுகளைச் சேர்த்துக் கொஞ்சம் பெரிதாக்கும். முக்கியமாக, இன்று கட்டிய உதிரிகளை இன்றே அழிக்காது. கட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது என்று நாளைக்கு வந்து பார்த்துவிட்டு அப்புறம் அழிக்கும். நடுவில் யாராவது பழைய இடத்தில் படித்துக்கொண்டிருந்தால் அவர் காலுக்குக் கீழே தரை நழுவாது.

இதிலும் ஒரு வேடிக்கை நடந்தது. உலகெங்கும் உள்ள கம்ப்யூட்டர்கள் எல்லாம் சரியாக மணி அடித்தவுடன் ஒரே நேரத்தில் சர்வரைத் தட்டின. பள்ளி மணி அடித்ததும் கேட்டில் நெருக்குகிற மாதிரி. 2023ல், ஒவ்வொரு கம்ப்யூட்டரும் குலுக்கல் முறையில் ஒரு நிமிடத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும்படி மாற்றினார்கள்.

மேலே பாதியில் விட்ட ஊகத்தின் கதை 2024ல் வெளிவந்தது. மைக்ரோசாஃப்டில் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களுக்கான ஒரு பெரிய களஞ்சியம் 178 கிகாபைட்டாக வீங்கிவிட்டிருந்தது. யாரோ பெரிய வீடியோக்களைச் சேர்த்துவிட்டார்கள் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். காரணம் அதுவல்ல. ஒப்பிடுவதற்காகக் கோப்புப் பெயர்களை வரிசைப்படுத்தும்போது கிட், பாதையின் கடைசி 16 எழுத்துகளை மட்டுமே கணக்கில் எடுத்தது. 2005ன் களஞ்சியங்களுக்கு அது புத்திசாலித்தனம், கோப்பை வேறு கோப்புறைக்கு மாற்றினாலும் ஒப்பீடு பலிக்குமே. ஆனால் இந்தக் களஞ்சியத்தில் நூற்றுக்கணக்கான பொதிகள், ஒவ்வொன்றிலும் மாற்றங்களைப் பட்டியலிடும் சேஞ்ச்லாக் கோப்பு. 'சேஞ்ச்லாக்.ஜேசான்' என்பதை ஆங்கிலத்தில் எழுதி முன்னால் சாய்கோடு போட்டாலே 15 எழுத்துகள் போய்விடும். பொதியின் பெயருக்கு மிச்சம் ஒரே எழுத்து! ஒரு பொதியின் பட்டியலை வேறொரு பொதியின் பட்டியலோடு ஒப்பிட்டு, பொருத்தமில்லை என்று கிட் கிட்டத்தட்ட முழுசாகவே மறுபடி மறுபடி எழுதிக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு பாதையிலும் உள்ள கோப்பை அதன் சொந்தப் பழைய பதிப்புகளோடு மட்டும் முதலில் ஒப்பிடும் புதிய முறையில் அதை மறுகட்டு செய்தார்கள். 178 கிகாபைட் 5 கிகாபைட்டானது. ஒரு கமிட்கூட இழக்கவில்லை. 2025 மார்ச்சில் வந்த 2.49 பதிப்பில், முழுப் பாதையையும் கணக்கில் எடுக்கும் புதிய பெயர்க் கணக்கு எல்லோருக்கும் கிடைத்தது. ஆனால் பழைய கணக்கே இன்னும் இயல்பிருப்பு, வேண்டுமென்று கேட்டால்தான் புதியது. ஒருவர் தன் கம்ப்யூட்டரில் மட்டும் மறுகட்டு செய்துகொண்டால் அவருக்கு மட்டும்தான் லாபம். சர்வரில் உள்ள கட்டை யாராவது பிரித்துக் கட்டும்வரை, புதிதாக வேலைக்குச் சேர்ந்து முதல் நாள் நகலெடுக்க உட்காருபவருக்கு அதே பெரிய மூட்டைதான் இறங்கும்.